மேசைக்கு அடியில் ஒரு பேட்ஜ்

எங்கள் பிரிவின் கதவில் மூன்று இதழ் போட்ட மஞ்சள் படம் ஒன்று ஒட்டியிருக்கும். உள்ளே கதிர்வீச்சு இருக்கிறது, வேலை இல்லாதவர்கள் வராதீர்கள் என்று அதற்கு அர்த்தம். அந்தக் கதவுக்கு உள்ளே பன்னிரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். கதவுக்கு வெளியே கதிர்வீச்சு போகாது என்று எங்கள் ஆஸ்பத்திரி நிர்வாகம் நம்புகிறது. படத்தைப் பார்த்ததும் அது பயந்து உள்ளேயே நின்றுவிடும் என்று நினைக்கிறார்களோ என்னவோ.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். எலும்பு ஸ்கேன் எடுக்க வருகிறவர்களுக்குக் கையில் ஓர் ஊசி போடுவேன். அதில் இருப்பது கதிரியக்க மருந்து. அது இரத்தத்தில் ஓடி எலும்பில் போய் உட்கார இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும். அதற்குப் பிறகுதான் படம் எடுக்க முடியும். அந்த நேரம் முழுக்க அந்த ஆளிடமிருந்து கதிர்வீச்சு வந்துகொண்டே இருக்கும். அவருக்கு வலி கிடையாது, பார்த்தால் ஒன்றும் தெரியாது. டீ குடிப்பார், மருமகனைத் திட்டுவார், பக்கத்தில் இருப்பவரிடம் மணி கேட்பார். ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போகிறவருக்கு அதனால் ஒன்றும் ஆகிவிடாது. தினமும் எட்டு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் கேள்வி.

தினமும் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தவள் டோக்கன். வரவேற்பு மேசையில் நோயாளிகளுக்கு வரிசை எண் கொடுக்கிறவள் என்பதால் அந்தப் பெயர். வீட்டில் வைத்த பெயர் எங்கள் யாருக்கும் சட்டென்று ஞாபகத்துக்கு வராது. அவளும் அதைக் கண்டுகொள்வதில்லை, போனை எடுத்தாலே “டோக்கன் பேசறேன்” என்பாள். ஒப்பந்த ஊழியர். என்னை அண்ணா என்று கூப்பிடுவாள்.

ஊசி போட்டவர்கள் காத்திருக்க உள்ளே ஓர் அறை இருக்கிறது. சுவரில் ஈயத்தகடு, கனமான கதவு, எல்லாம் முறைப்படி. ஜன்னல் கிடையாது. ஏசி கெட்டு ஏழு மாதம் ஆகிறது. டிவி இல்லை. வெளியே டோக்கனின் மேசைக்கு இடதுபக்கம் மூன்று பேர் உட்காரும் இரும்பு பெஞ்சு, எதிரே டிவி, தலைக்கு மேல் குளுகுளுவென்று ஏசி. நீங்களாக இருந்தால் எங்கே உட்காருவீர்கள்?

இது போதாதென்று தண்ணீர். ஊசி போட்ட கையோடு ஒவ்வொருவரிடமும் நான் சொல்வது, “நிறைய தண்ணி குடிங்க, அடிக்கடி பாத்ரூம் போங்க” என்பதுதான். எலும்பில் ஒட்டாத மருந்து சீக்கிரம் வெளியேறிவிடும். சொன்னபடி அவர்களும் கேட்கிறார்கள். ஆனால் தண்ணீர் இயந்திரம் இருப்பது டோக்கனின் மேசையை ஒட்டி. அதை உள்ளே வையுங்கள் என்றால், கதிர்வீச்சுப் பகுதியில் யாரும் எதையும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது என்பது விதி என்கிறார்கள். விதி இருப்பது உண்மை. கையில் மருந்து பட்டிருந்து அப்படியே வாய்க்குப் போய்விடக் கூடாதே என்று எங்களைப் போன்ற ஊழியர்களுக்காகப் போட்ட விதி. மருந்தையே உடம்பில் ஏற்றிக்கொண்டவர் ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பதை அது ஏன் தடுக்க வேண்டும்? கேட்டேன். விதி விதிதான் என்றார்கள். ஆக, என் வாயாலேயே தண்ணீர் குடிக்கச் சொல்லி, அந்த மனிதர்களை நானே டோக்கன் பக்கம் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

அதனால் விரட்டுவேன். ஒரு நாளைக்கு இருபது தடவையாவது கதவைத் திறந்து வெளியே வருவேன்.

“ஐயா, தண்ணி குடிச்சாச்சுல்ல, உள்ள வாங்க.”

“உள்ள வேகுதுப்பா.”

“தெரியும். கொஞ்சம் பொறுத்துக்கோங்க.”

“இந்தப் பொண்ணு ஒண்ணும் சொல்லலையே. உனக்கு என்ன வந்துச்சு?”

முனகிக்கொண்டே எழுந்து வருவார்கள். நான் அடுத்த ஊசியைப் போட்டுக் கையுறையைக் கழற்றுவதற்குள் வேறு இரண்டு பேர் பெஞ்சில் இருப்பார்கள். விரட்டியதில் பாதிப் பேராவது உள்ளே தங்கினார்கள் என்று சொல்லலாம். நோயாளிகளிடம் எனக்குக் கெட்ட பெயர் வந்ததுதான் மிச்சம். ஆலோசனைப் பெட்டியில் என்னைப் பற்றி, ‘முசுடு’ என்று ஒருவர் எழுதிப் போட்டிருந்தார். தப்பில்லை.

நிர்வாக மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் சுற்றறிக்கை. எதைச் சொன்னாலும் அவரிடமிருந்து ஒரு சுற்றறிக்கை வரும், காரியம் மட்டும் வராது. பெஞ்சை நகர்த்துங்கள் என்று எழுதினேன். நோயாளிகளின் வசதி நமக்கு முக்கியம் என்று சுற்றறிக்கை வந்தது. ஏசியைச் சரிசெய்யுங்கள் என்று எழுதினேன். மின்சாரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்துங்கள் என்று வந்தது. ஒரு நாள் கோபத்தில் பெஞ்சை நானே இழுத்துப் போய் மாடிப்படி ஓரமாகப் போட்டேன். மறுநாள் காலை அது பழைய இடத்தில் இருந்தது, இம்முறை நான்கு காலிலும் போல்ட்டு போட்டுத் தரையோடு முடுக்கியிருந்தார்கள். மேலாளரின் வேகத்தை அன்று ஒருநாள்தான் பார்த்தேன்.

கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி என்று ஒருவர் இருக்கிறார். அவருக்குப் பெயர் மில்லி. வாயைத் திறந்தால் மில்லி, மைக்ரோ என்று அளவுகள்தான் வரும். கெட்ட மனிதர் இல்லை. மூன்று ஆஸ்பத்திரிகளுக்கு அவர் ஒருவரே அதிகாரி. எங்களிடம் வாரத்தில் ஒரு நாள் வருவார். நான் கதிர்வீச்சை அளக்கும் மீட்டரை எடுத்துப்போய் டோக்கனின் நாற்காலியில் வைத்து அளந்து, எண்களை ஒரு தாளில் எழுதி அவர்முன் நீட்டினேன்.

“இது அந்த நிமிஷத்துக் கணக்கு தம்பி. மூணு பேர் உட்கார்ந்திருக்கிறப்போ போய் வெச்சா இவ்வளவு காட்டத்தான் செய்யும். ஒரு மாசத்துக்கு மொத்தமா எவ்வளவுன்னு இருந்தாத்தான் நான் மேல பேச முடியும்.”

“அப்போ அவளுக்கு ஒரு பேட்ஜ் குடுங்க சார்.”

“பேட்ஜ் கதிர்வீச்சு ஊழியர்களுக்குத்தான். அவங்க கதிர்வீச்சு ஊழியர் கிடையாது.”

“அவமேல விழுகுதே சார்.”

“விழுகுதுன்னு எப்படிச் சொல்றே? அளந்தாத்தானே தெரியும்.”

அளக்கத்தான் பேட்ஜ் கேட்கிறேன் என்று கத்த வேண்டும்போல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டேன். பேட்ஜ் என்பது நாங்கள் சட்டையில் குத்திக்கொள்ளும் ஒரு சின்ன பிளாஸ்டிக் வில்லை. மாதம் முழுக்க எங்கள்மேல் விழுந்ததை அது சேர்த்துவைத்துக்கொள்ளும். மாதக் கடைசியில் வெளியே ஒரு பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பினால் மூன்று வாரத்தில் எண் வரும். அந்த எண்ணை மட்டும் இங்கே யாரும் மறுத்துப் பேச முடியாது. பொதுமக்களில் ஒருவருக்கு வருடம் முழுக்கச் சேர்த்து ஒரு மில்லிசீவர்ட்டுக்கு, எங்கள் பேச்சில் ஒரு மில்லிக்கு, மேல் போகக் கூடாது. வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் பிரசவம்வரை அதேதான்.

குழந்தை என்று ஏன் சொல்கிறேன் என்றால், அந்த வாரம்தான் டோக்கன் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். மதியம் நோயாளிகள் இல்லாத நேரம்.

“அண்ணா, ஒண்ணு கேட்பேன், யார்கிட்டயும் சொல்லக் கூடாது.”

“சொல்லு.”

“எனக்கு ஏழு வாரம்.”

நான் பெஞ்சைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

“போன தடவை தங்கல அண்ணா. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா?”

“அது இருக்காது. இங்க வர்ற அளவுக்கு அப்படியெல்லாம் ஆகாது.” உண்மையைத்தான் சொன்னேன். இந்த அளவு கதிர்வீச்சில் கரு கலைவதில்லை. பின்னாளில் குழந்தைக்கு ஏதாவது வர வாய்ப்பு கொஞ்சம், ரொம்பக் கொஞ்சம், கூடும் என்றுதான் படித்திருக்கிறோம். ஆனால் அந்தக் கொஞ்சத்தைச் சரி போகட்டும் என்று விட நான் யார்? “இருந்தாலும் நீ இங்க உட்காரக் கூடாது. மேலாளர்கிட்ட சொல்லு, வேற இடம் குடுக்கச் சொல்லு.”

“ஒப்பந்தம் புதுப்பிக்க இன்னும் நாலு மாசம் இருக்கு. இப்பச் சொன்னா புதுப்பிப்பாங்களா? போன வருஷம் பில் பிரிவுல ஒரு அக்கா சொன்னாங்க. அந்த அக்கா இப்ப எங்க?”

எங்கே என்று எனக்கும் தெரியாது.

“நான் பேசறேன்,” என்றேன்.

“என் விஷயத்தைச் சொல்லாமப் பேசுங்க அண்ணா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

கையைக் கட்டிவிட்டுச் சண்டைக்குப் போ என்றால் எப்படி? கையில் இருந்த ஒரே ஆயுதம் அவள் வயிறுதான், அதைத்தான் எடுக்கக் கூடாது என்கிறாள். இரண்டு நாள் மண்டை காய்ந்தது. மூன்றாம் நாள் காலை, டோக்கன் வருவதற்கு முன்னால், என் சட்டையிலிருந்த பேட்ஜைக் கழற்றி அவள் மேசையின் அடிப்பக்கம், சரியாக வயிறு வரும் உயரத்தில், டேப் போட்டு ஒட்டினேன். மாதம் முடிய இன்னும் பன்னிரண்டு வேலை நாள் இருந்தது.

செய்யக் கூடாத காரியம்தான். பேட்ஜ் இல்லாமல் ஊசியைத் தொடக் கூடாது என்று புதிதாக வருகிறவர்களுக்குப் பாடம் எடுப்பவனே நான். அந்தப் பன்னிரண்டு நாளும் சட்டைக்கு மேல் கோட்டுப் போட்டு மறைத்துக்கொண்டு வேலை பார்த்தேன். எண் வரட்டும், அப்புறம் பேசிக்கொள்கிறேன் என்று ஒரு வைராக்கியம். எண் மட்டும் சரியாக வர வேண்டும், யாரும் நொட்டை சொல்ல முடியாதபடி வர வேண்டும். மாதக் கடைசி மாலை பேட்ஜை எடுத்து மற்றவற்றோடு சேர்த்து அனுப்பினேன். அதற்குப் பிறகு முன்னைவிட இரண்டு மடங்கு விரட்டினேன். ‘முசுடு’ என்று இன்னொரு சீட்டு வந்தது.

மூன்று வாரம் கழித்து மில்லி வந்தார். அன்று அவருடைய நாளே இல்லை. நேராக என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

“ரெண்டு புள்ளி எட்டு,” என்றார். “மாசா மாசம் உனக்குப் புள்ளி ரெண்டுக்கு மேல வந்ததில்ல. என்னப்பா பண்ணே? மருந்தை மேல கொட்டிக்கிட்டியா?”

சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? வருடத்துக்கு ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் பன்னிரண்டு நாளில் இரண்டு புள்ளி எட்டு. இனி யார் வந்து என்ன சொல்ல முடியும்? எல்லாவற்றையும் சொன்னேன். டேப், மேசை, பன்னிரண்டு நாள், எல்லாம். வயிற்று விஷயம் ஒன்றைத் தவிர.

மில்லி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

“நீ சொன்னது எதுவும் என் காதுல விழல,” என்றார்.

“சார்?”

“படிவத்துல ஒரு கேள்வி இருக்கு. பேட்ஜை அணிந்திருந்தாரா, ஆம், இல்லை. இல்லைன்னு எழுதினா அளவு செல்லாது. பூஜ்யம்னு போட்டு மூடிடுவாங்க. பேட்ஜைத் தப்பாப் பயன்படுத்தினதுக்கு உன்மேல நடவடிக்கை வரும். மேசை அப்படியே இருக்கும்.”

“ஆம்னு எழுதினா?”

“அளவு நிக்கும். விசாரணை வரும். விசாரணைன்னு வந்தா இடத்தைப் பார்த்துத்தான் ஆகணும். எங்கிருந்து வந்துச்சுன்னு தேடணும்ல?” கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “எனக்கு எதுவும் தெரியாது தம்பி. நீ எழுதறதுதான்.”

உண்மையைச் சொன்னால் எண் பொய்யாகிவிடும். பொய்யைச் சொன்னால் எண் உண்மையாக நிற்கும். இந்த ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு வருடம் இருந்தவனுக்கு இது ஆச்சரியமாக இருந்திருக்கக் கூடாது. ஆம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். என் ஊசி அறையை ஒரு மூலை விடாமல் அளந்தார்கள். கையுறையை எப்படிக் கழற்றுகிறேன் என்று செய்துகாட்டச் சொன்னார்கள். மருந்துக் குப்பியை எவ்வளவு தூரத்தில் பிடிக்கிறேன் என்று அளவுநாடா வைத்துப் பார்த்தார்கள். தூக்கம் சரியாக வருகிறதா, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று ஒருவர் அக்கறையாக விசாரித்தார்.

“வெளிய வரவேற்பு மேசையையும் ஒரு தடவை அளந்துடுங்க,” என்றேன்.

“நீங்க அங்க வேலை பார்க்கறதில்லையே.”

“இல்ல. ஆனா ஊசி போட்டவங்க எல்லாம் அங்கதான் போய் உட்கார்றாங்க.”

“சரி, அது பத்தித் தனியா ஒரு கடிதம் எழுதுங்க,” என்றார் அக்கறைக்காரர். அவர் அதைச் சொன்னபோது பெஞ்சில் உட்கார்ந்துதான் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு இந்தப் பக்கம் ஊசி போட்ட ஓய்வுபெற்ற தபால்காரர், அந்தப் பக்கம் ஊசி போட்ட தையல்கார அம்மா. தபால்காரர் அவரிடம் மணி என்ன என்று கேட்டார். அவரும் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த வாரம் மேலாளரின் உத்தரவு வந்தது. அந்தப் போல்ட்டுக்குப் பிறகு முதல்முறையாக அவரிடமிருந்து ஒரு காரியம் வந்திருக்கிறது. அதிக அளவு கதிர்வீச்சுக்கு உள்ளான ஊழியரின் உடல்நலன் கருதி, மூன்று மாத காலத்துக்கு அவர் கதிர்வீச்சு இல்லாத பகுதிக்கு மாற்றப்படுகிறார். அதாவது, வரவேற்பு மேசைக்கு. அங்கே தற்போது இருப்பவர் அடுத்த கட்டடத்தில் உள்ள பதிவேட்டு அறைக்கு அனுப்பப்படுகிறார். கதிர்வீச்சு இல்லாத பகுதி என்பதால் ஊழியர் தமது பேட்ஜை உடனே ஒப்படைக்க வேண்டும்.

தாளை இரண்டு தடவை படித்தேன். அப்புறம் சிரித்தேன் என்பது உண்மைதான். பக்கத்து அறையிலிருந்து நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். என்னைக் காப்பாற்றுவதற்காக அந்த மேசைக்கே அனுப்புகிறார்கள். ஆனால் டோக்கன் அடுத்த கட்டடத்துக்குப் போகிறாள். பெஞ்சு நகரவில்லை, ஏசி வேலை செய்யவில்லை, தண்ணீர் இயந்திரம் இருந்த இடத்தில் இருக்கிறது, எப்படியோ அவள் நகர்ந்துவிட்டாள். கோணல்மாணலாக வந்தாலும் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். அன்று வீட்டுக்குப் போய், “என்ன, மூஞ்சி மலர்ந்திருக்கு?” என்று மனைவி கேட்கும் அளவுக்கு நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை மேசையை என்னிடம் ஒப்படைக்க டோக்கன் உட்கார்ந்திருந்தாள். வரிசை எண் புத்தகம், முத்திரை, இழுப்பறைச் சாவி என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். முகத்தில் சிரிப்பு இல்லை. பதிவேட்டு அறையில் தூசியும் இருட்டும்தான், பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது, அதனால் இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

“அங்க உனக்கு நல்லது,” என்றேன். “தூசிக்கு மூக்கை மூடிக்கோ. ஒப்பந்தம் புதுப்பிக்கிற வரைக்கும் யாரும் உன்னைப் பார்க்கக்கூட மாட்டாங்க.”

“ம்.”

“என்ன, பேசவே மாட்டேங்கறே?”

அவள் குனிந்து மேசையின் அடியைத் தடவினாள். “டேப்பு இன்னும் இருக்கு அண்ணா. எடுக்கறீங்களா, இல்ல அடுத்த தடவைக்கு இருக்கட்டுமா?”



“எப்பப் பார்த்தே?”

“ரெண்டாவது நாளே முட்டியில இடிச்சுது. உங்க பேர் எழுதியிருந்துச்சு. ஏதோ எனக்காகத்தான் பண்றீங்கன்னு தெரிஞ்சுது, கேட்டா சங்கடப்படுவீங்கன்னு விட்டுட்டேன்.” இழுப்பறையை மூடினாள். “எவ்வளவு வந்துச்சு?”

“ரெண்டு புள்ளி எட்டு.”

“எவ்வளவு வரலாம்?”

“வருஷத்துக்கு ஒண்ணு. ஆனா பயப்படாதே. வயித்தைத் தாண்டி உள்ள போறப்போ பாதியாயிடும். அதுவும் இந்த அளவுக்கு ஒண்ணும்...”

“ஒண்ணும் இல்லைன்னா எதுக்கு ஒட்டினீங்க?”

அவள் விரலால் மேசைமேல் ஏதோ எழுதிப் பார்த்தாள். நாள் கணக்காக இருக்க வேண்டும்.

“அந்தத் தாளோட ஒரு காப்பி எனக்குக் குடுங்க. டாக்டரம்மாகிட்டக் காட்டணும்.”

“அதுல என் பேர்தான் இருக்கும்.”

“ஏன்? என்மேல விழுந்ததுதானே?”

“நான் போட்டிருந்தேன்னு எழுதிக் குடுத்துட்டேன். இல்லைன்னா செல்லாதுன்னாங்க.”

“அப்போ எனக்கு எவ்வளவுன்னு எழுதியிருக்காங்க?”

“உனக்கு... உனக்கு எதுவும் எழுதல.”

அவள் தலையை ஆட்டினாள். கோபப்பட்டிருந்தால் தேவலை. வரிசை எண் புத்தகத்தை என் பக்கம் தள்ளி, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். இரண்டடி போய்த் திரும்பினாள்.

“ஒண்ணு மட்டும் கேட்கறேன் அண்ணா. அந்த ரெண்டு வாரம் நீங்க வெளிய வந்து யாரையும் விரட்டவே இல்ல. பெஞ்சு காலியாவே இல்ல, எல்லாரும் காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் இங்கயேதான் இருந்தாங்க. வேலை அதிகமா இருக்கும்னு நினைச்சேன். வேலைதானே?”

எண் சரியாக வர வேண்டும் என்று சொன்னேனே. அதற்குத்தான். நான் விரட்டினால் பாதிதான் வரும், பாதி வந்தால் மில்லி ஏதாவது சாக்குச் சொல்வார் என்று, அந்தப் பன்னிரண்டு நாளும் கதவுக்கு உள்ளேயே நின்றேன். கதவில் இருந்த சின்னக் கண்ணாடி வழியாகப் பெஞ்சு நிறைந்திருப்பதைப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும், இருக்கட்டும், ஏறட்டும் என்று நினைத்தேன். ஏறியது எங்கே என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. மேலாளரையும் மில்லியையும் அக்கறைக்காரரையும் திட்டிக்கொண்டே இருந்ததில் தோன்றாமல் போய்விட்டது.

“ஆமா. வேலைதான்,” என்றேன்.

“அதான் நினைச்சேன்,” என்றாள். நம்பினாளா என்று தெரியவில்லை. “வரேன் அண்ணா.”

அவள் மாடிப்படி இறங்கும் சத்தம் நிற்கும்வரை முத்திரையைக் கையில் பிடித்தபடி நின்றேன். பிறகு குனிந்து டேப்பைப் பிய்த்தேன். பாதிதான் வந்தது, மீதி மேசையோடு ஒட்டிக்கொண்டது. நகத்தால் சுரண்டிப் பார்த்தும் வரவில்லை.

உள்ளே கதவு திறந்தது. என் இடத்துக்கு வந்திருந்த புது ஆள், “நிறைய தண்ணி குடிங்கம்மா, அடிக்கடி பாத்ரூம் போங்க,” என்று யாருக்கோ சொல்வது கேட்டது. ஊசி போட்ட இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஓர் அம்மா வந்தார். இயந்திரத்தில் தண்ணீர் பிடித்தார். பெஞ்சைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார்.

“தம்பி, உள்ள ஒரே புழுக்கம். கொஞ்ச நேரம் இங்க உட்காரட்டுமா?”

சட்டையில் பேட்ஜ் இருந்த இடத்தைக் கை தானாகத் தொட்டுப் பார்த்தது.

“உட்காருங்கம்மா,” என்றேன்.